தூத்துக்குடியா, ராமேஸ்வரமா? கடலோரம் குடிபோக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பணி ஓய்வுக்குப் பிறகு கடல் பக்கம் போய்விட வேண்டும் என்பவர்களும், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் எந்த ஊரிலும் இருக்கலாம் என்பவர்களும் கடைசியில் இந்த இரண்டு ஊர்களுக்கு இடையில் வந்து நிற்கிறார்கள். ஒன்று துறைமுகம் உள்ள சின்ன மாநகராட்சி. மற்றது பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவு. நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான்கு மணி நேரப் பயணம்தான். ஆனால் குடித்தனம் நடத்தும் முறையே வேறு.

ராமேஸ்வரத்துக்குப் பாலம் இருக்கிறதே, இன்னும் அதைத் தீவு என்று நினைக்க வேண்டுமா?

நினைத்துத்தான் ஆக வேண்டும். 1914-இல் ரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. இன்றும் தீவுக்குள் போகும் லாரி, பால் வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் சாலை வழி அந்த ஒன்றுதான். அதில் ஒரு பேருந்து பழுதாகி நின்றால் சுற்றிப் போக வேறு பாதை கிடையாது. விடுமுறை நாளில் சுற்றுலா வண்டிகள் கடலைப் பார்க்கப் பாலத்தின் ஓரத்திலேயே நிறுத்திக்கொள்வதால் பத்து நிமிடத்தில் கடக்க வேண்டியதற்கு முக்கால் மணி நேரம் ஆவதுண்டு.

ரயில் கதையையும் பாருங்கள். பழைய பாலம் பலவீனமானதால் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதிய பாலம் திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6-இல். இரண்டேகால் வருடம் சென்னை ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கிப் பேருந்து பிடித்தார்கள். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். புதிய பாலத்திலும் காற்றைப் பார்த்துத்தான் ரயில் விடுகிறார்கள்.

அதனால் தீவுக்குப் போகிறவர் ஒவ்வொரு தேவைக்கும் 'இது நின்றுபோனால் அடுத்தது என்ன?' என்று கேட்டுப் பழக வேண்டும். தூத்துக்குடியில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே பதில் இருக்கும். தீவில் பதிலை நீங்கள்தான் வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் எப்படி? அதுதான் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பயமுறுத்துகிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். வீட்டைப் பார்க்கும் முன்பே தண்ணீரைப் பாருங்கள்.

தீவில் நிலத்தடி நீர் மழையால் வருவது. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரை விட லேசானது என்பதால் அதன் மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இந்தக் கணக்கு திரும்பியும் வேலை செய்யும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் கீழிருந்து 40 அடி ஏறி வரப் பார்க்கும். ஆழமாக போர் போட்டவர் வீட்டில் முதல் கோடையிலேயே தண்ணீர் கரிப்பதும், பக்கத்து வீட்டுப் பத்தடிக் கிணறு இனிப்பாகவே இருப்பதும் இதனால்தான்.

ஆகவே தீவில் நல்லது ஆழமில்லாத அகலக் கிணறு. அரை குதிரைசக்தி மோட்டார் போதும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டாமல், காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று பிரித்து இறையுங்கள். கூரைத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கமே திருப்பிவிடுங்கள். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்த்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்றால், அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருப்பதால்தான். ஆனால் இரண்டு தெரு தள்ளினால் கதை மாறும். ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது.

தூத்துக்குடியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. உப்பளம் சூழ்ந்த ஊரில் அது இயல்பு. அங்கே குடிநீர் என்றால் தாமிரபரணித் தண்ணீர். வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிறது. கேட்க வேண்டிய கேள்வி "தண்ணீர் வருமா?" இல்லை. "எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்?" அதையும் வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதிர்வீட்டில் கேளுங்கள்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். நான்கு பேருக்கு 540 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெரு என்றால் 2,700 லிட்டர். ஒரு முறை தவறினால் சமாளிக்க வேண்டுமே, அதனால் தரைத்தொட்டி 5,400 லிட்டருக்குக் குறையக் கூடாது. தீவிலும் அதே அளவு வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் தனியாக ஒரு 500 லிட்டர் தொட்டி வையுங்கள். இரண்டையும் கலந்தால் ஒரு டேங்கர் உப்புத் தண்ணீர் முழுத் தொட்டியையும் கெடுத்துவிடும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போங்கள். குழாய், கிணறு, மேல்தொட்டி மூன்றிலும் தனித்தனியாகப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை. 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. எந்திரமே வேண்டாம். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக விடும். தண்ணீர் அருமையான ஊரில் அது பெரிய நஷ்டம். மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. கிணற்றுத் தண்ணீரை ஒருமுறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பழைய வீடு வாங்கலாமா? உப்புக்காற்றில் அது எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சாவிக்கொத்து போதும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்பக்கத்தைச் சாவியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'டொக்' என்று காலிப் பானை மாதிரி கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் அடுக்கு பிரிந்துவிட்டது. துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து நெம்புவதால்தான் கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசல் விழுகிறது. அந்த விரிசலின் ஓரத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பூசி வெள்ளையடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். கடலைப் பார்த்த பக்கத்தில் தொடங்கி, குளியலறைக் கூரை, மாடிப்படியின் அடிப்பக்கம் என்று முடியுங்கள். சன்ஷேடு மட்டும் போயிருந்தால் இடித்துவிட்டு வேறு போடலாம். பீமும் தூணும் 'டொக்' என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

புதிதாகக் கட்டினால்?

கட்டட மேஸ்திரி "எம்20 போதும் சார்" என்பார். எம்20, எம்30 என்பவை கான்கிரீட்டின் வலிமைத் தரம், எண் கூடினால் வலிமை கூடும். கடலோரத்துக்கு எம்20 போதாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30. அலைத்துளி நேராகத் தெறிக்கும் இடத்தில் எம்35. தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் எம்30 இடத்தில் 45 மில்லிமீட்டர், எம்35 இடத்தில் 50. மற்ற ஊர்களில் 20, 25 என்று பழகிய கை அதே அளவு கவர் பிளாக்கைத்தான் (கம்பிக்கு அடியில் இடைவெளிக்கு வைக்கும் கட்டை) எடுத்து வரும். கான்கிரீட் போடும் நாளில் நீங்களே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

கெட்டுப்போவது இன்னோர் இடத்தில். கலவைக்கும் நீராற்றவும் அதே மனையின் உப்புப் போர்த் தண்ணீரைப் பயன்படுத்துவது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துருவை நீங்களே உள்ளே வைத்துப் பூசுகிறீர்கள். கடல்மணலை எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்க விடாதீர்கள். தீவில் நல்ல தண்ணீர் டேங்கருக்கும் பாலம் தாண்டி வரும் எம்-சாண்டுக்கும் ஆகும் செலவை முதலிலேயே மதிப்பீட்டில் எழுதிவையுங்கள். பாதியில் பணம் இறுக்கும்போது முதலில் கைவைப்பது இவற்றில்தான்.

ஜன்னலுக்கு யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) அல்லது தேக்கு. கீல், தாழ்ப்பாள், கைப்பிடிக்கு எஸ்.எஸ். 316 என்ற தரத் துருப்பிடிக்காத எஃகு. சாதாரணமாகக் கடையில் தரும் 304-இல் ஒரே மழைக்காலத்தில் தேநீர் நிறப் புள்ளி விழும்.

ஏசி, ஃபிரிட்ஜ், வண்டி எல்லாம் எத்தனை நாள் தாங்கும்?

கடலுக்கு எதிரே, முதல் தெருவில் இருந்தால் காலையில் துடைத்த ஜன்னல் கண்ணாடியில் மாலையில் விரலால் கோடு போடலாம். அந்த விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அதே படலம்தான் ஏசியின் வெளி யூனிட்டிலும் படிகிறது. அங்கே அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் உப்பு ஈரத்தில் அரிப்பு வேகமாக நடக்கும். ஊசித்துளை விழுந்து வாயு கசியும். மெக்கானிக் வாயு மட்டும் நிரப்பிவிட்டுப் போவார், இரண்டு மாதத்தில் திரும்பவும் அதே கதை. காயிலில் அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வெளி யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெல்லப் பீய்ச்சிக் கழுவுங்கள். இரு சக்கர வண்டியையும் வாரம் ஒருமுறை இப்படியே கழுவிச் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள்.

இந்த விஷயத்தில் தூத்துக்குடிக்கு ஒரு வசதி. கடலை விட்டு மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே, மில்லர்புரம் பக்கம் போய்விட்டால் உப்பின் வேகம் நன்றாகக் குறையும். தீவில் உள்ளே தள்ளிப் போக நிலமே குறைவு.

மருத்துவமனை?

இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. வீட்டில் இதய நோயாளி, டயாலிசிஸ் எடுப்பவர், சிக்கலான கர்ப்பம், பக்கவாதம் வந்து மீண்டவர் யாராவது இருந்தால் தூத்துக்குடியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது. ராமேஸ்வரத்தில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி ராமநாதபுரம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கியது. அதற்கும் மேலே என்றால் மதுரை, சுமார் 170 கிலோமீட்டர்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு. அறிகுறியை உணரவே ஒரு மணி நேரம் போய்விடும். 108 வந்து, பாலம் தாண்டி, ராமநாதபுரம் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். தை அமாவாசையாக இருந்தால் அதற்கும் மேல். ஆரோக்கியமாக இருக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தம்பதிக்குத் தீவு ஒத்துவரும். அவர்களுக்கே எழுபதாகும்போது ஒத்துவருமா என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

புயலும் வெள்ளமும் எந்த ஊரில் அதிகம்?

இரண்டிலும் உண்டு. வரும் விதம்தான் வேறு.

தீவின் பயம் கடல் ஏறுவது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடி போனது அப்படித்தான். அதன் பிறகு அந்த இடம் குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் யாராவது மனை காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மழையும் குறைவல்ல. 2024 நவம்பர் 20-இல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மணல் பூமி உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். தெருவெல்லாம் சிமென்ட் போட்ட இடத்தில் உறிஞ்ச மணல் ஏது?

தூத்துக்குடியின் பயம் முதுகுப்பக்கத்திலிருந்து வருவது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. குளங்கள் உடைந்து மேட்டுத் தண்ணீரெல்லாம் ஊருக்குள் இறங்கியது. மாநகரின் பல தெருக்களில் நாள்கணக்கில் வடியவில்லை. தட்டையான ஊர், கடலும் ஏறி நிற்கும்போது தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பிரையண்ட் நகர், முத்தம்மாள் காலனி போன்ற பகுதிகளில் வீடு பார்த்தால், சுவரில் 2023-இன் தண்ணீர்க்கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். தரைத்தளம் அந்தக் கோட்டுக்கு மேலே குறைந்தது 2 அடி இருக்க வேண்டும். மின்மீட்டரும் மோட்டார் சுவிட்சும் அதற்கும் மேலே.

பாம்பனிலும் தூத்துக்குடியிலும் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. தீவில் இருப்பவர் வெளியேற வேண்டும் என்றால் 5 ஏறும் வரை காத்திருக்கக் கூடாது. காற்று பாலத்தை மூடிய பிறகு கிளம்ப முடியாது.

காற்று எந்த மாதத்தில் எப்படி? கடல் எப்போதுமே அமைதியாகத்தான் இருக்குமா?

தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடக்கதைப் பெண்கடல் என்றும் தெற்கதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசியிலிருந்து ஆவணி வரை தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை வீசும்போது வடகடல் சீறும். கோடை விடுமுறையில் வந்து வடகரையில் நின்று பார்த்துவிட்டு அங்கேயே வீடு பிடிப்பவர்கள் மார்கழியில் கதவைத் திறக்க முடியாமல் திணறுவது இதனால்தான். சோளகக் காலத்தில் தெற்குப் பக்க வீடுகளில் மணல் சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

தூத்துக்குடிக்குக் காற்றோடு தூசியும் உண்டு. அனல்மின் நிலையமும் நிலக்கரி, சரக்குக் கையாளும் துறைமுகமும் உள்ள ஊர் அது. 2018-இல் மூடப்பட்ட ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்து மக்கள் உயிரையே கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் துறைமுகச் சாலைப் பக்கம் வீடு பார்க்காமல் இருப்பது நல்லது.

மனை வாங்கும்போது கடலோரத்துக்கென்று தனியாக என்ன பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு, பட்டா, புல வரைபடம் எல்லாம் எங்கும் போலத்தான். கூடுதலாக இரண்டு.

ஒன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதி பாயும். கரையோரம் கட்டவே கூடாத பகுதியின் அகலம் இடத்தின் வகையைப் பொறுத்து மாறும். 2019 அறிவிக்கையில் மக்கள்நெருக்கம் அதிகமான கிராமப்புறத்துக்கு 50 மீட்டர், மற்ற கிராமப்புறத்துக்கு 200 மீட்டர். சர்வே எண்ணைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். "பக்கத்தில் கட்டியிருக்கிறார்களே" என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது.

இரண்டு, கோயில் நிலம். ராமேஸ்வரம் கோயில் ஊர். தேவஸ்தான நிலத்தில் தலைமுறையாக வாடகைக்கு இருப்பவர் தன் அனுபவ உரிமையை மட்டும் விற்பதுண்டு. அது கிரயம் ஆகாது, பதிவும் ஆகாது. ஒழுங்கான கிரயத்துக்கு வழிகாட்டி மதிப்பில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இதை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வாடகை வீடு கிடைக்குமா?

தூத்துக்குடியில் கிடைக்கும். ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிக் கஷ்டம், யாத்ரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருமானம் அதிகம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தேடுங்கள்.

மீன் தாராளமாகக் கிடைக்கும்தானே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறியிருக்கும். மற்ற நாளில் தீவில் மீன் மலிவு, காய்கறி விலை கூட. எல்லாக் காயும் பாலம் தாண்டித்தான் வர வேண்டும்.

வீட்டிலிருந்தே கணினி வேலை. தீவில் முடியுமா?

முடியும். இணையம் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களுடையதாக இருக்கட்டும், ஒன்று கேபிள், ஒன்று கைபேசி. ஒரே நிறுவனத்தின் இரண்டு இணைப்பு வீண், அறுந்தால் இரண்டும் சேர்ந்து அறும். மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர்தான். அதன் 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி இருக்கிறது. அதில் பயன்படுவது சுமார் 1,200. மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. விசிறி மூன்று, விளக்கு இரண்டு, ரௌட்டர் சேர்ந்து 135 வாட் என்றால் ஒன்பது மணி நேரம் வரும். மடிக்கணினியையும் சேர்த்தால் ஆறரை. பேட்டரி முனைகளில் வாசலின் தடவுங்கள், இல்லாவிட்டால் பச்சை பூத்துவிடும். அடிக்கடி பெங்களூரு, சென்னை போக வேண்டிய வேலை என்றால் யோசிக்காமல் தூத்துக்குடி. வாகைக்குளம் விமான நிலையம் அரை மணி நேரத்தில். தீவிலிருந்து மதுரை விமான நிலையம் போகவே மூன்றரை மணி நேரம்.

முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு முறைதான் போய்வர முடியும். எந்த மாதம் போவது?

கார்த்திகையில், மழை பிடித்திருக்கும் வாரத்தில் போங்கள். விடுதியில் தங்காமல் குடியிருப்புத் தெருவில் ஒரு வீட்டில் நான்கு நாள் தங்குங்கள். முதல் நாள் தண்ணீர். மூன்று பாட்டிலில் மூன்று இடத்துத் தண்ணீர் பிடித்து அளவெடுங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, நீங்கள் பார்த்த வீட்டு வாசலிலிருந்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனை வாசல் வரை வண்டியில் போய் நேரம் குறியுங்கள். மூன்றாம் நாள் அந்தத் தெருவில் முட்டளவு தண்ணீர் நிற்கிறதா, எந்தப் பக்கம் வடிகிறது என்று குடை பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். நான்காம் நாள் ஞாயிறாக இருக்கும்படி வைத்துக்கொண்டு, அன்று காலை பத்து மணிக்குப் பாம்பன் பாலத்தை ஒருமுறை கடந்து திரும்புங்கள்.